பாட்டனாரின் செவியும் புதிய கருவியும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் லாரியைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். சென்ற கோடை விடுமுறை கழிந்து விடுதிக்குத் திரும்பிய நாளில், என் நகக்கண்களில் படிந்திருந்த மசகைக் கண்ட அறைத்தோழர், "இலக்கண நூலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வருகின்றீரோ?" என்று வினவினார். அன்று யான் விடை கூறாது சிரித்தொழிந்தேன். அவருக்குக் கூற வேண்டிய விடையையே இங்கு எழுதுகின்றேன்.

எம் ஊர் இராஜபாளையம். மேற்கே மலைத்தொடரும், அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும், ஊருக்குள் நூல் ஆலைகளும், தெருத்தோறும் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளின் ஓசையும் உடையது அவ்வூர். என் பாட்டனார் அங்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார்ப் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையின் வேப்பமரத்தடியில் எங்கள் குடும்பத்துச் சிறுலாரி நிற்கும். மகிந்திரா நிறுவனத்தார் முற்காலத்தில் வெளியிட்ட எப்.ஸி. 150 என்னும் வகையைச் சேர்ந்தது அது. ஜீப் வண்டிக்குரிய பெட்ரோல் இஞ்சினே அதற்கும் உரியது. முகம் தட்டையானது; ஆதலால் இஞ்சின் முன்னே நீண்டிராமல், ஓட்டுநர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் நடுவே ஓர் இரும்பு மூடிக்குள் அடங்கியிருக்கும்.

அவ்வண்டி எங்களுக்குச் சோறு போட்டது என்பது மிகையன்று. வைகாசி, ஆனி மாதங்களில் மாங்காய்க் கூடைகளையும், ஏனைய மாதங்களில் துணிப் பொதிகளையும் அது சுமந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால் காணிக்கையாக வரும் வாழைத்தார்களையும் நெல் மூட்டைகளையும் சுமக்கும். அசனத்தன்று அண்டாக்களைச் சுமக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுகளில் கீத பவனி செல்லும் சிறுவர்களைச் சுமக்கும். என் தந்தையாரும் யானும் சிறுவராய் இருந்த காலத்தில் அவ்வண்டியின் தட்டில் நின்று பாடியவர்களே.

நிற்க. அவ்வண்டியின் கார்புரேட்டரைச் செவ்வைப்படுத்துவதில் பாட்டனாருக்கு நிகரானவர் எம் வட்டாரத்தில் இல்லை என்று பிற பட்டறையாரே கூறுவர். கார்புரேட்டரின் இயல்பு எளியது. இஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைந்து செல்லும். விரையும் காற்றின் அழுத்தம் அவ்விடத்தே குறைவதால், பக்கத்தில் உள்ள மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் நுண்துளை வழியே தானாகவே எழுந்து காற்றோடு கலக்கும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை அத்துளையின் அளவும் ஒரு சிறு திருகாணியும் முடிவு செய்யும். அதற்குச் சிந்தனை இல்லை. மலையேற்றமோ சமவெளியோ, வைகறைக் குளிரோ உச்சி வெயிலோ, எதனையும் அது அறியாது. அச்சிந்தனையைப் பாட்டனாரின் செவி அளித்து வந்தது. திருப்புளியைத் திருகாணியில் ஊன்றி, தலையைச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு, கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று திருகுவார். "இப்போது சுருதி சேர்ந்தது" என்று அவர் கூறும்போது இஞ்சினின் ஓசை உண்மையிலேயே ஓர் அமைதியை அடைந்திருக்கும்.

கோடை நண்பகலில் வேறொரு தொல்லை நேரும். இஞ்சினின் மேல் உள்ள பம்பும் குழாயும் கொதித்து, உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பு தள்ளமாட்டாது. வண்டி நடுவழியில் நின்றுவிடும். அதற்காகப் பாட்டியாரின் கிழிந்த சேலைத் துண்டு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும். அதனை நனைத்துப் பம்பின்மேல் சுற்றி, கால்மணி நேரம் மரநிழலில் இருந்தால் வண்டி மீண்டும் உயிர் பெறும். அக்கால்மணி நேரங்களில்தான் பாட்டனார் எனக்குப் பழங்கதைகள் கூறுவார்.

அவற்றுள் ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. பேருந்துகள் ஓடாது நின்றுவிடும் நிலை வந்தது. அப்பொழுது மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலம் ஒன்றைச் செய்து வண்டிகளுக்குப் பொருத்தினர். மூடிய கலத்தில் கரியைக் குறைந்த காற்றில் எரியவிட்டால் எரியத்தக்க வாயு பிறக்கும். அதனைக் குளிர்வித்து வடிகட்டி இஞ்சினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். வலிமை குறையும், ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ள நேரும், ஆயினும் ஓடும். பாட்டனாரின் தந்தையார் இளமையில் அத்தகைய வண்டியில் கரி அள்ளிப் போடும் வேலை செய்தவர். "பெட்ரோல் வண்டிக்கு வேறு தீனி கொடுத்துப் பழக்கியவர் என் அப்பா" என்று பாட்டனார் பெருமிதத்தோடு கூறுவார். அச்சொல் பிற்பாடு எங்களுக்குப் பயன்பட்டது.

இனி, எங்களுக்கு நேர்ந்த இடருக்கு வருகின்றேன். நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலத்தல் ஆண்டுதோறும் மிகுந்து வந்தது. நூற்றுக்கு இருபது பங்கு என்னும் இலக்கை 2030இல் எய்துவதென முன்னர் வகுத்திருந்த அரசாங்கத்தார், பின்னர் அதனை 2025க்கு முன்னிழுத்தனர். 2023 பிப்ரவரியில் அக்கலவை விற்பனைக்கு வந்தது. அயல்நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பொருள் குறையவும், கரும்பும் தானியமும் விளைப்போர் பயன்பெறவும் செய்த ஏற்பாடு அது. அதனை யான் குறைகூற வரவில்லை. ஆனால் எங்கள் வண்டி பிறந்த காலத்து இரப்பர், எத்தனாலை அறியாதது. எத்தனாலில் ஊறினால் அது வீங்கும். பின்பு காய்ந்து வெடிக்கும். எத்தனால் நீரையும் ஈர்க்கும். நீர் அளவு கடந்தால் இரண்டும் சேர்ந்து டாங்கியின் அடியில் பிரிந்து தங்கும். அன்றியும், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டியிருக்க, இருபது பங்கு கலவைக்கு ஏறக்குறைய பதின்மூன்றரைப் பங்கே போதும். பழைய துளையின் வழியே பழைய அளவே சென்றால், காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவையாகும். அத்தகைய கலவை மெல்ல எரிந்து, சில வேளைகளில் கார்புரேட்டரின் வாய்வழியே திரும்பி வெடிக்கும். பட்டறையில் அதனைத் 'தும்மல்' என்போம்.

2024 டிசம்பரில் கீத பவனிக்கு முந்திய மாலை, பாட்டனார் வழக்கம்போல் திருகாணியைத் திருப்பி, "சரியாய் இருக்கிறது" என்றார். சரியாய் இல்லை. வண்டி தும்மிக்கொண்டிருந்தது. அருகில் நின்ற எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் அவர் செவி மங்கத் தொடங்கியதை நாங்கள் அறிந்தும் அறியாதவர் போல் இருந்தோம். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் வாழ்வில் யான் செய்த பெரும் பிழைகளுள் அம்மௌனம் ஒன்று.

அன்றிரவு தந்தையார் வண்டியை ஓட்ட, பின்தட்டில் பதினான்கு சிறுவர் சிறுமியர் பாடிக்கொண்டு வந்தனர். மூன்றாம் தெருவில் பெட்ரோல் நாற்றம் எழுந்தது. தந்தையார் நிறுத்துவதற்குள் ஒரு தும்மல். இருக்கைகளின் நடுவே இருந்த மூடியின் இடுக்கில் நீலச்சுடர் தோன்றிற்று. வீங்கி வெடித்த குழாயிலிருந்து சொட்டிய பெட்ரோலில் தீப்பற்றியிருந்தது. யான் சிறுவர்களை இறக்கினேன். தந்தையார் தெருவோர மணலை மூடியைத் திறந்து அள்ளி வீசினார். ஒரு நிமிடத்தில் தீ அவிந்தது. ஒருவருக்கும் ஊறு நேரவில்லை; தந்தையாரின் வலது கைமயிர் மட்டும் கருகிற்று. இறைவன் காத்தனன் என்றே இன்றும் சொல்வோம். ஆனால் காத்ததை நம்பி அவ்வண்டியை மறுபடியும் அவ்வாறே ஓட்டுதல் தகுமோ?

மறுநாள் பாட்டனார் கார்புரேட்டரைத் தம் கையாலேயே கழற்றி, பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். காரணம் கேட்டோம். நெடுநேரம் கழித்து, "எனக்குக் கேட்கவில்லை, தம்பி" என்றார். அவ்வளவே.

அந்நாட்களில் கோயம்புத்தூரில் எஞ்சினியராக உள்ள என் அத்தை மகன் ஊருக்கு வந்திருந்தார். அவர், "கார்புரேட்டரை நீக்கிவிட்டு மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் கருவியைப் பொருத்தலாம், தாத்தா" என்றார். அம்முறை புதியதன்று. 1967இலேயே ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் அத்தகைய கருவியை வோக்ஸ்வாகன் வண்டிக்குப் பெருவாரியாகச் செய்து அளித்தனர். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கார்களிலும், 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஆறாம் நிலை விதி வந்தபின் மோட்டார் சைக்கிள்களிலும் அதுவே வழக்காயிற்று. பழைய வண்டிகளுக்கென்று, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே அமரத்தக்க கருவிகளும் விற்கப்படுகின்றன. தந்தையார் தயங்கினார். பாட்டனார் ஒன்றும் கூறவில்லை. அப்போது யான், "கரி தின்னப் பழக்கியவரின் மகன் தாங்கள், இதற்கு அஞ்சலாமா, தாத்தா?" என்றேன். அவர் என்னை உற்றுநோக்கிப் புன்னகைத்தார். அதுவே இசைவாயிற்று.

வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கட்கு மாறுபட எதையும் மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கின்றது. எங்கள் மாற்றத்தில் இஞ்சினும் அதுவே, எரிபொருளும் அதுவே. எனினும் கேட்டுச் செய்தல் நன்று என்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள போக்குவரத்து அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதும் பணி தமிழ் படிக்கும் எனக்கு வாய்த்தது. 'இன்ஜெக்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி ஓரிரவைக் கழித்தேன். முடிவில் இன்ஜெக்டர் என்றே எழுதினேன். பாட்டனாரும் யானும் பேருந்தில் சென்று அதனைக் கொடுத்தோம். திரும்புகையில், தமிழ்நாட்டு அரசின் இலச்சினையில் இடம்பெற்ற பதினொரு நிலைக் கோபுரத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்த பாட்டனார், "இவ்வளவு உயரத்தையும் நூல் பிடித்துக் கட்டியவனுக்கு எந்தக் கருவி இருந்தது?" என்றார். பாட்டியாருக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

2025 மே மாதத்தில், விண்ணப்பத்திற்கு விடை வந்தபின், வேலையைத் தொடங்கினோம். கருவியைப் பொருத்துவதே பெருவேலை என்று எண்ணியிருந்தேன். அது தவறு. பெட்ரோலை அதனிடம் கொண்டு சேர்ப்பதே பெருவேலை. பழைய பம்பு சதுர அங்குலத்திற்கு மூன்று முதல் ஐந்து ராத்தல் அழுத்தமே தரும். புதிய கருவிக்கு 58 ராத்தல் வேண்டும். ஆகவே மின்சாரப் பம்பு வேண்டியதாயிற்று. அவ்வழுத்தத்திற்குப் பழைய குழாய் நில்லாது. எஃகுக் குழாயும், வளையும் இடங்களில் எத்தனாலைத் தாங்கும் உட்பூச்சுடைய இரப்பர்க் குழாயும் வேண்டின. சாதாரணப் பல்வெட்டுக் கிளிப் இரப்பரை அறுக்கும். விளிம்பு மழுங்கிய கிளிப் வேண்டிற்று. துருத்தூள் இன்ஜெக்டரை அடைத்துவிடும். ஆதலால் டாங்கியை இறக்கிக் கழுவி, பம்பின் முன்னே பருவடிகட்டியும், பின்னே பத்து மைக்ரான் நுண்வடிகட்டியும் வைத்தோம். மிஞ்சிய பெட்ரோல் திரும்பிச் செல்லத் தனிக்குழாய் இட்டோம். பெட்ரோல் ஓரிடத்தில் நின்று கொதியாமல் சுற்றிக்கொண்டே இருப்பதாலும், உயர் அழுத்தத்தில் அது எளிதில் ஆவியாகாததாலும், பாட்டியாரின் சேலைத் துண்டுக்கு ஓய்வு கிடைத்தது. இஞ்சின் சுழல்வது நின்றால் பம்பும் உடனே நிற்குமாறு கம்பிகளை இணைத்தோம். அந்த டிசம்பர் இரவை நினைந்து, இவ்விணைப்பை மட்டும் மும்முறை சோதித்தேன்.

முதல் ஓட்டத்தில் தோற்றோம். அய்யனார் கோயில் பாதையில், டாங்கியில் பாதிப் பெட்ரோலே இருக்க, ஒரு வளைவில் இஞ்சின் பட்டென நின்றது. பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கியதால் பம்பு காற்றைக் குடித்துவிட்டது. கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் அத்தகைய கணங்களைத் தாங்கிக்கொள்ளும். புதிய கருவிக்கு அச்சேமிப்பு இல்லை. ஆதலால் ஒரு சிறு கலத்தை இடையே வைத்து, ஒரு மெலிந்த பம்பு அதனை எப்போதும் நிரப்பவும், வலிய பம்பு அதிலிருந்து எடுக்கவும் செய்தோம். அதன்பின் பழைய டைனமோ இத்தனைக்கும் மின்சாரம் தரமாட்டாது என்பது தெரிந்தது. ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்தினோம். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டியதாயிற்று.

அக்கருவி எவ்வாறு சிந்திக்கின்றது என்பதை அத்தான் எனக்கு விளக்கினார். காற்றின் அழுத்தம், வெப்பம், இஞ்சினின் வேகம் ஆகியவற்றை அளந்து, இன்ஜெக்டரை நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடுகின்றது. புகைக்குழாயில் பொருத்திய ஆக்ஸிஜன் சென்சார், எரிந்த கலவை சரியோ தவறோ என்று திரும்ப உரைக்கின்றது; அதைக் கேட்டு அடுத்த அளவைத் திருத்துகின்றது. நம் இலக்கண ஆசிரியர் எழுத்தொலியை அளக்கக் கண்ணிமைக்கும் பொழுதை மாத்திரை என வகுத்தனர். அந்த ஒரு மாத்திரைக்குள் இக்கருவி பலமுறை இமைத்துவிடுகின்றது. அளவு என்பது இன்றி மொழியும் இல்லை, பொறியும் இல்லை என்று அன்று உணர்ந்தேன்.

இவ்வளவும் நிகழும்போது பாட்டனார் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் கேட்டால் எடுத்துத் தருவார், பேசமாட்டார். அவர் செவி செய்த வேலையை ஒரு சென்சார் செய்வதை அவர் முகத்தில் நேராக நோக்கிக் காண எனக்குத் துணிவில்லை.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. வண்டி ஓடிற்று, ஆனால் நின்று உறுமும்போது சுருதி சேரவில்லை, பெட்ரோலும் மிகுதியாகச் செலவாயிற்று. கணிப்பானின் திரையில் எல்லாம் சரி என்றே காட்டிற்று. அத்தான் இரண்டு நாள் எண்களை மாற்றிப் பார்த்துச் சோர்ந்தார். மூன்றாம் நாள் மாலை பாட்டனார் எழுந்து வந்தார். செவியைச் சாய்க்கவில்லை. வலது கையை இஞ்சினின் மேல் வைத்தார். அவ்விஞ்சினில் காற்று செல்லும் உள்வழி, சிலிண்டர் தலையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டது. அதன்மேல் ஓர் இணைப்புத் தகட்டை வைத்தே புதிய கருவியை அமர்த்தியிருந்தோம். அத்தகட்டின் விளிம்பைச் சுற்றி விரல்நுனியால் மெல்லத் தடவிவந்தவர், பின்புற மூலையில் நிறுத்தினார். "இங்கே மூச்சு வாங்குகிறது" என்றார். அவ்விடத்தை விரலால் அழுத்தி மூடியதும் இஞ்சினின் ஓசை மாறிற்று.

தகடு மயிரிழை வளைந்திருந்தது. அவ்விடுக்கில் கள்ளக்காற்று புகுந்தது. சென்சார் அதனைக் காற்று மிகுதி என்று உரைக்க, கணிப்பான் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தது. குறையைக் கண்டு சொல்வதற்குப் பதிலாக அது குறையை மூடிவைத்தது. அத்தான் வியப்போடு, "எப்படிக் கண்டுபிடித்தீர்கள், தாத்தா?" என்று உரக்கக் கேட்டார். "காது போனால் கையும் போய்விடுமா?" என்றார் அவர். தகட்டை அரத்தால் சமன்படுத்தி, புது கேஸ்கெட் இட்டுப் பொருத்தியது அவரே. மறுபடி இஞ்சினைத் தூண்டியபோது, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். "சேர்ந்ததா?" என்று கையசைத்து வினவினேன். தலையசைத்தார்.

இம்மாற்றத்தால் வந்த பயனை மிகைப்படுத்த விரும்பவில்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையால் வரும் இழப்பை எக்கருவியும் முற்றும் ஈடுசெய்யாது. செலவிட்ட பணம் பெட்ரோல் மிச்சத்தால் மீள நெடுங்காலம் ஆகும். முன்பு நடுவழியில் நின்றால் கம்பியும் திருப்புளியும் போதும். இப்போது ஒரு சென்சார் பழுதுற்றால் அது வரும்வரை காத்திருத்தல் வேண்டும். பெற்றது யாதெனின், விடியலில் ஒரே சுழற்சியில் உயிர்பெறும் இஞ்சினும், நாற்றமற்ற வண்டியும், அச்சமற்ற நெஞ்சுமே. யான் பெற்றது இன்னும் ஒன்று உண்டு. அன்புடையாரிடம் குறையைச் சொல்லாது மறைத்தல் அன்பன்று என்பதையும், அக்கணிப்பானைப் போலவே யானும் ஒரு குறையை மூடிவைத்துக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தேன் என்பதையும் அந்த வளைந்த தகடு எனக்குக் கற்பித்தது.

2025 டிசம்பரில் கீத பவனிக்கு அவ்வண்டியே சென்றது. புறப்படும் முன் பாட்டனார் என்னை அழைத்து, "தம்பி, ஏதாவது தும்முகிறதா? கேட்டுச் சொல்" என்றார். யான் தலையைச் சாய்த்து, கண்களை மூடிக் கேட்டேன். ஒன்றும் தும்மவில்லை. அவ்வாறே உரக்கச் சொன்னேன். அவர் நடுமூடியின்மேல் கைவைத்தபடி முன்னிருக்கையில் அமர்ந்தார். பின்தட்டில் சிறுவர்கள் பாடத் தொடங்கினர்.